ஐந்து நிமிடப் பெரட்டு

பகாவ் கடைத்தெருவில், டயர் கடைக்கும் ஈயச்சட்டிக் கடைக்கும் நடுவே
கணினி பழுதுபார்க்கிறவள் நான்.
ஆலை எஞ்சினியர் ஹஃபிஸ் வந்து மலாயில் குறைப்பட்டார்:
தராசுக் கொட்டகையில் லைன் செத்துச் செத்துப் பிழைக்கிறது,
செம்பனைக் குலையோடு லோரிகள் சாலைவரை நிற்கின்றன,
ஈசாக்குதான் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்குகிறான்.
போன மாதம் அவன் சம்பளத்தில்
நூற்றிருபது வெள்ளி பிடித்தாயிற்று.

செலவுக்கு என்ன கொடுப்பீர்கள் என்றேன்.
ஸ்டோரில் கிடந்த கணினி ஒன்றைக் காட்டினார்.
உள்ளே பல்லி முட்டை.
துடைத்து, காசு கேட்காத மென்பொருளை ஏற்றினேன்.
எவரெவரோ இரவு விழித்து எழுதி,
உள்ளிருக்கும் ஒவ்வொரு வரியையும் திறந்தே போட்டுவிட்டுப் போனது.

முதல் இரவு ஒரு கோடும் வரவில்லை.
கோப்புறையில் எழுத அதற்கு அனுமதி கொடுக்க மறந்திருந்தேன்.
இரண்டாம் நாள் கோடு வந்தது, நேரம் வரவில்லை:
காலை எட்டுக்குச் சங்கு ஊதுகிறது,
படத்தில் ஆலைக்கு நள்ளிரவு.
மூன்றாம் நாள்தான் எல்லாம் ஒரே கிழமைக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெரட்டு.
ஆபீஸ் சுவிட்ச்?
இருக்கேன்.
கொதிகலன் கொட்டகை?
இருக்கேன், சூடுதான் அதிகம்.
தண்ணீர்த்தொட்டி மேல் ஆன்டெனா?
இருக்கேன்.
தராசு?

தராசு?

பதில் வராத இடத்தில் அது சுழி போடுவதில்லை,
வெறுமையாய் விடுகிறது.
சுழி என்றால் ஆள் வந்தான், வேலை இல்லை.
வெறுமை என்றால் என்ன ஆனான் என்றே தெரியாது.
செக்ரோல் எழுதிய கிராணிகள்
இரண்டுக்கும் ஒரே சிவப்பு மையைத்தான் தொட்டார்கள்.

ஈசாக்கு சாயங்காலங்களில் வந்து திரை முன் நிற்பான்.
"எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்குமா அக்கா?"
இல்லை. அதன் ஏடு வட்டமானது, பெருக்காது.
நேற்றென்றால் ஐந்தைந்து நிமிடமாய்ச் சொல்லும்.
போன வாரம் அரைமணிச் சராசரி.
போன வருடம் நாளுக்கு ஒரே புள்ளி.
"அப்போ என்னை எல்லார் முன்னாலயும் திட்டின செவ்வாய்க்கிழமை?"
கரைந்துபோயிருக்கும்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
மேசையில் கிடந்த திருகாணியை உருட்டிக்கொண்டிருந்தான்.

நாள் படத்தில் ஆங்காங்கே ஓட்டை,
பெரும்பாலும் மழை விட்ட பிறகு.
வாரப் படத்திலும் அதே ஓட்டைதான்.
பத்து மாதம் ஓடியபின், வேறெதையோ தேடும்போது,
வருடப் படத்தைத் திறந்தேன்.
சிக்னல் கோடு இறங்கிக்கொண்டே வந்திருந்தது,
மைனஸ் அறுபத்தொன்றிலிருந்து மைனஸ் எழுபத்தொன்பதுக்கு,
யாரும் கவனிக்காத சாய்வில்.
மனுஷன் பிடுங்கினால் கோடு வெட்டுப்படும்.
இது ஏதோ வளர்வது.

தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறிப் பார்த்தேன்.
இந்த ஆன்டெனாவுக்கும் அந்த ஆன்டெனாவுக்கும் நடுவே
மூன்றாம் டிவிஷன் ஓரத்து ஒற்றைச் செம்பனை.
மட்டைகள் நனைந்து, கனத்து,
பேச்சின் குறுக்கே கை நீட்டிக்கொண்டு நின்றது.

லொம்போக்கிலிருந்து வந்த ரஹ்மத்
நீளக் கம்பில் அரிவாள் கட்டி நான்கு மட்டை இறக்கினான்.
அடுத்த பெரட்டில் கோடு
மைனஸ் அறுபத்திரண்டுக்குத் தாவியது.
ஈசாக்கு அதைக் கலரில் பிரதி எடுத்துத் தரச் சொன்னான்.
தராசுக் கொட்டகையில், காலண்டர் ஆணியிலேயே மாட்டிவிட்டான்.
ஹஃபிஸ் வந்தார், பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
லோரிக் கணக்கைக் கேட்டுவிட்டுப் போனார்.

நூற்றிருபது வெள்ளி எந்தப் படத்திலும் ஏறவில்லை.

மரம் வெட்டப்படவில்லை, இன்னும் காய்க்கிறது.
மைனஸ் எழுபதில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன்,
தொட்டால் என் போன் அடிக்கும்.
எப்படியும் அடுத்த மழைக்காலத்துக்குள் அடிக்கும்.