ஒன்பதாவது கட்டம்

புதுவயல், அரவை மில் வாசல்.
ஒரு மேசை. சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள்.
வி.ஏ.ஓ. ஆபீஸ் கொடுத்த படிவக் கட்டு.
எனக்கு இந்தி தெரியும் என்று
யாரோ சொல்லிவிட்டார்கள்.
தெரிந்ததெல்லாம் போனில் சீரியல் பார்த்த இந்தி.

ஊரடங்கின் எழுபத்தெட்டாவது நாள்.
பாய்லர் அணைந்து கிடக்கிறது.
தெருவெல்லாம் நிற்கும் அவித்த நெல் வாடை
எங்கே போயிற்றென்று
நாய்களுக்கே குழப்பம்.

தகரக் கொட்டகையிலிருந்து
ஒவ்வொருவராக வந்தார்கள்,
குளித்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி,
இருப்பதில் நல்ல சட்டையில்,
பெண் பார்க்கக் கிளம்பியவர்கள் மாதிரி.
நோயாளி போலத் தெரிந்துவிடக் கூடாதே.

சுதாம் மாஜி. பத்தொன்பது.
பலாங்கீர் மாவட்டம்.
காய்ச்சல்? இல்லை.
இருமல்? இல்லை.
ஒன்பதாவது கட்டம்:
மூச்சுத் திணறல் உண்டா?

கேட்டு முடிக்குமுன்
எல்லாரும் இல்லை என்ற கேள்வி.
அவன் யோசித்தான்.
தமிழிலேயே சொன்னான்.
"பகல்ல இல்ல அக்கா. ராத்திரி இருக்கு."

எப்படி இருக்கும் என்று கேட்க
என் இந்தியில் சொல் இல்லை.
அவனே முதுகைக் குனிந்து,
மூட்டையை இறக்கிவிட யாரும் வராத மாதிரி
அப்படியே நின்று காட்டினான்.
மாஸ்க்குக்குள் சிரித்தானா, தெரியாது.

அந்த மூட்டை எனக்குத் தெரியும்.
மூன்று மணிவாக்கில் வரும்.
பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு
வாளி நிறையும் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பேன்.
காலையில் கேமராவை அணைத்துவைத்து
'பிரசன்ட் மேம்' என்று
என் குரலில் ஒருத்தி சொல்வாள்.
அப்பா ஆக்ஸிமீட்டர் வாங்கிவந்து
என் விரலில் மாட்டினார். தொண்ணூற்றொன்பது.
"பாரு, ஒண்ணுமில்ல."
நேற்று தம்பி பத்தாம் வகுப்பு ஆல் பாஸ்.
அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.
உள்ளறையில் அவன் கணக்கு நோட்டை
ஒவ்வொரு தாளாகக் கிழித்துக்கொண்டிருந்தான்,
விடை சரியாக வந்த பக்கங்களை முதலில்.

உண்டு என்று டிக் போட்டால்
இவனுக்குப் பஸ்ஸில் இடமில்லை.
ஏதோ ஒரு ஸ்கூல் வகுப்பறை,
மூக்கில் குச்சி,
பதினான்கு ராத்திரி.
இல்லை என்று போட்டால்
மதுரைக்குப் பஸ், அங்கிருந்து ரயில்.
'ராத்திரி மட்டும்' என்று எழுத
அந்தக் கட்டம் போதாது.

இல்லை என்று போட்டேன்.
கீழே என் கையெழுத்து, தேதி.

"என்ன எழுதின?"
"நஹி."
தலையாட்டினான்.
முதல்முறையாக ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறான்,
அதையும் இல்லையென்று எழுதிவிட்டாள் ஒருத்தி.
கபசுரக் குடிநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு
அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தான்.

படிவக் கட்டின் அட்டையில் ஓரம் கிழித்து
என் நம்பரை எழுதி, எழுந்து போய்க் கொடுத்தேன்.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை.
நல்லவேளை. எனக்கும் தெரியாது.

ஆறாம் நாள் இரவு
இரண்டே முக்காலுக்கு ஒரு மிஸ்டு கால்.
திரும்பக் கூப்பிட்டேன்.
"சுதாமா?"
"ஹான்."
ஊருக்கு வெளியே ஸ்கூலில் வைத்திருக்கிறார்களாம்.
பதினான்கு நாள்.
நான் சொன்ன பொய்யில் அவன் போய்ச் சேர்ந்தது
இன்னொரு வகுப்பறை.

அதற்குமேல் என்னிடம் இந்தி இல்லை,
அவனிடம் தமிழ் இல்லை.
அவன் மூச்சு கேட்டது.
என்னுடையதும் கேட்டிருக்கும்.
யாரோ புரண்டு படுக்கிற சத்தம், ஒரு இருமல்,
போன் சார்ஜ் குறைகிற பீப்.

"அக்கா, அங்க மழையா?"
"இல்ல. குழாய்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.
"மூடு அக்கா.
தண்ணி போகுது."

மூடினேன்.