நீங்களே ஒரு விலை சொல்லுங்கோ

பதிவுத் தபாலில் வந்தது கடிதம்.
ஜேர்மனில் ஒன்பது பக்கம்,
இத்தாலியனில் இணைப்புகள் பதினான்கு.
லுகானோப் பக்கம் கண்ணாடி வார்க்கும் ஒரு கொம்பனி
என் இணைய முகவரியைத்
திருப்பித் தரச் சொல்லிக் கேட்டிருந்தது.

'திருப்பி' என்ற சொல்லில் தடக்குப்பட்டு நின்றேன்.
எடுத்தவர்கள்தானே திருப்ப வேண்டும்?

வெற்றிச்செல்வி என்றுதான் சொன்னேன்,
தொண்ணூற்றாறாம் ஆண்டு, பதிவு மேசையில்.
பெட்டிக்குள் அவ்வளவும் கொள்ளாது என்று
வெற்றியோடு நிறுத்திக்கொண்டார் அலுவலர்.
செல்வி வெளியே நின்றாள்,
இருபத்திரண்டு வருஷம்.

இத்தாலியனில் வெற்றி என்றால் கண்ணாடிகளாம்.
எனக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால்
யன்னல் துடைக்கிற தொழிலுக்கு
அந்தப் பெயரை வைத்திருப்பேனா?
வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பீல் நகரம், கால்வாய்த் தெரு, மூன்றாம் மாடி.
என் தளத்தில் இருந்ததெல்லாம்
ஒரு வாளியின் படம்,
மணித்தியாலத்துக்கு முப்பத்தெட்டு பிராங்க்,
கைபேசி இலக்கம்; அதிலும் ஓர் எண் பிழை.

இடைக்கிடை வழிதவறிய மின்னஞ்சல்கள் வரும்.
காரின் முன்கண்ணாடி வெடித்துவிட்டது என்று ஒருவர்.
தேவாலய யன்னலில் ஒரு புனிதருக்கு
முகம் மட்டும் விழுந்துவிட்டது என்று ஒரு பாதிரியார்.
பாவம் என்று தேடிப்பிடித்து
அந்தக் கொம்பனிக்கே அனுப்பிவைப்பேன்.
அவைதான் இப்போது இணைப்பு ஏழு:
'வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்கள்.'

ஒரு வெள்ளி பின்னேரம்
வக்கீல் பெர்னாஸ்கோனி தானே எடுத்தார்.
குரலில் தேன் தடவியிருந்தது.
விட்டுக்கொடுக்க எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் அம்மணி,
ஒரு தொகை, சும்மா, பேச்சுக்கு?

எனக்குச் சட்டம் தெரியாது. சந்தை தெரியும்.
வாங்க வந்தவன் வாய் திறக்குமுன்
விற்கிறவள் திறக்கக் கூடாது.
'நீங்களே ஒரு விலை சொல்லுங்கோ.'
சிரித்தார். நானும் சிரித்தேன்.
மூன்று தரம் கேட்டார்.
மூன்று தரமும் அதுதான் சொன்னேன்,
அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஓர் இலக்கம் நாக்கில் வந்திருந்தால்
விற்கத்தான் பதிந்து வைத்தாள் என்று எழுதியிருப்பார்களாம்.
அதற்குத் தீய நோக்கம் என்று பெயராம்.
சட்ட ஆலோசனை மேசையில் இருந்த பெண் பிறகு சொன்னாள்,
உனக்கு யார் சொல்லித் தந்தது?
மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு
யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.

சமரசம் பேச ஒரு தொலைபேசிக் கூட்டம், நாற்பது நிமிஷம்.
சரிவரவில்லை.
பிறகு யாரோ ஒரு நிபுணர், நான் காணாத முகம்,
முகவரி எனக்கே என்று எழுதினார்.
காரணம்: என் அடையாள அட்டை.
அதில் வெற்றி என்று மட்டும் இருந்தது.
அன்றைக்கு வெட்டிய கை
இன்றைக்குச் சாட்சிக்கு வந்து நின்றது.

அடுத்த வருஷம் குடியுரிமை.
பெயரைத் திருத்தலாமா என்று கேட்டேன்.
இப்போது பெட்டிகள் நீளம் என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.
புதுக் கடவுச்சீட்டின் சிவப்புக்குள்
செல்வி வந்து குந்தியிருக்கிறாள்,
கொஞ்சம் நெருக்கமாக, விளிம்போடு.

பங்குனியில் அறிவிப்பு வந்தது: முகவரியைப் புதுப்பிக்கவும்.
ஒரு கோப்பியும் பணிசும் விலை.
அட்டை இலக்கத்தை இரண்டு தரம் தட்டினேன்,
இரண்டு தரமும் அழித்தேன்.
தோற்கவில்லை. விற்கவுமில்லை.
வேறென்ன என்று கேட்டால், அதற்கு என்னிடம்
ஜேர்மனிலும் சொல் இல்லை, தமிழிலும் இல்லை.
தவணை முடிந்த கையோடு அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில்
புது யன்னல்கள், முப்பத்தொன்று.
முதலாவதின் கீழ்மூலையில், நகக்கண் அளவில்,
ஏதோ ஊத்தை ஒட்டியிருந்தது.
சோப்புப் போட்டேன், வினாகிரி போட்டேன்,
குனிந்து, மூச்சை ஊதி, துணியால் அழுத்தித் தேய்த்தேன்.
ஐந்து எழுத்து. கண்ணாடிக்கு உள்ளே.

மற்ற முப்பதையும்
மூலை பார்த்துப் பார்த்துத் துடைத்தேன்.