கறுப்புப் பக்கமாக மடி

பழைய கட்டம் சுலபமானது.
நடுவில் சிவப்புச் சதுரம், இரண்டு அங்குலம்.
அதைச் சுற்றிக் கீற்றுக்கு மேல் கீற்று.
ஒரு மூலைக்கு வெளுப்பெல்லாம்,
எதிர் மூலைக்குக் கறுப்பெல்லாம்.
மரக்கட்டை அடுக்கி வீடு கட்டிய குளிர்தேசத்துக் கணக்காம்.
சிவப்பு, அந்த வீட்டு அடுப்பு.
இதே போல் முப்பத்தாறு தைத்து இணைத்தால் போர்வை.

முப்பத்தாறையும் வரைந்து பார்த்தேன்.
ஜெலுத்தோங் அச்சகத்தில் நாள் முழுக்க நான் செய்வதும் இதுதான்:
மிளகாய்த்தூள் லேபிள்,
தாளுக்கு முப்பத்தாறு.

அழித்தேன்.

ஒன்று போதும்.
ஒரே கட்டம்,
கட்டிலுக்கு அடங்காமல் விளிம்பில் வெட்டுப்படுகிற அளவுக்குப் பெரிதாக.
மூன்று மூலை நமக்குத் தெரியாமலே போகட்டும்.

குணாளனுக்குப் பாயான் லெப்பாசில் இரவு சிஃப்ட்.
கம்பெனி பஸ் ஏழரைக்கு இறக்கிவிடும்.
ஏழே முக்காலுக்கு நான் மின்தூக்கியில் இருப்பேன்.
மெத்தை ஒன்றுதான்,
ஆளுக்குப் பாதி நாள்.
நடுவே ஒரு தேநீர்,
கரண்ட் பில், பல்வலி, கேஸ் தீர்ந்தது,
எல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள்.

கறுப்புக்கு அவருடைய பழைய யூனிஃபார்ம்.
மின்சாரம் தங்காமலிருக்க அந்தத் துணியிலேயே
கரிநூலில் சின்னச் சின்னக் கட்டம் ஓடும்.
கோடு போடும் வேலை மிச்சம்.
வெளுப்புக்கு, கல்யாணப் பரிசாக வந்து
பிரிக்காமலே கிடந்த நான்கு மேசைவிரிப்பு.
எங்களிடம் மேசை கிடையாது.
சிவப்பு மட்டும் ஊய் அம்மா கடையில் அரை மீட்டர், நாலு வெள்ளி.
"இந்தப் புழுக்கத்தில் போர்வையா?" என்றார்,
சில்லறையை இரண்டு தடவை எண்ணிக்கொண்டே.

சதுரத்தை எங்கே வைப்பது?
நடுவில் வைத்தால் லேபிள்.
காகிதத்தில் வெட்டிச் சமையலறைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினேன்,
வலது மேல்புறம், ஜன்னலோரம்.
மறுநாள் மாலை வந்து பார்த்தால்
சிவப்பு ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.
காலையில் நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
மேலே ஏற்றினேன்.
இறங்கியது.
இடதுபுறம் தள்ளினேன்.
கொஞ்சம் திரும்பி வந்தது.
ஒன்பதாம் நாள் அதன் மேல் மீ கோரெங் எண்ணெய்,
ஒரு கட்டைவிரல் அளவு.
அது நின்ற இடத்திலேயே பென்சிலால் சுற்றி வரைந்து
துணியை வெட்டினேன்.

ஒரு விதி உண்டு:
தையல் மடிப்பைக் கறுப்புப் பக்கமாகத் திருப்பித் தேய்க்க வேண்டும்,
வெளுப்பில் நிழல் விழாமலிருக்க.
எல்லாவற்றையும் அப்படியே தேய்த்தேன்,
ஏழு நாற்பதுக்கு அவசரமாகத் தேய்த்த ஒன்றைத் தவிர.
பஞ்சு வைக்கவில்லை.
பினாங்குக்கு இரண்டு துணியே அதிகம்.

சனிக்கிழமை, ஓவர்டைம் முடிந்து நாலு மணிக்கு வருகிறேன்.
கட்டிலில் போர்வை இல்லை.
ஜன்னலில் இருந்தது.
மேற்கு வெயில் பொறுக்காமல்
ஆறு ஆணி அடித்து மாட்டிவிட்டுத் தூங்குகிறார்.
வாடகை வீடு.
ஆறு ஆணி.
நான்கு மாதத் தையல்.

எழுப்பக் கையை நீட்டியவள்
அப்படியே நின்றேன்.
வெயில் துணிக்குள் நுழைந்து
என் ஊசி போன இடமெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்தது.
வெளுப்பின் குறுக்கே ஒரே ஒரு கறுத்த கோடு,
அந்த ஏழு நாற்பது.
சிவப்பு மட்டும் துணியை விட்டு இறங்கி
அவர் கணுக்காலில் சதுரமாகக் கிடந்தது.

பையைத் தரையில் வைத்தேன்.
என் பாதியில் படுத்தேன், பகலில்.
அது முழங்காலுக்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆணிக்கான சண்டையைத் திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம்.
பதினைந்து நிமிடம் தாராளம்.