நிகர எடை

லாயாங் லாயாங் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
லாரி உள்ளே வரும்போது ஓர் எண்,
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எண்,
கழித்தால் மிஞ்சுவது நிகரம்.
ஆறு நாளும் இதுதான் என் வேதம்.

ஏழாம் நாள்
டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரைக் கோவிலில்
நற்கருணைப் பேழையின் சாவி என்னிடம்.
குளுவாங்கிலிருந்து ஃபாதர் வந்து சேருமுன்
அப்பங்களை எண்ணி வைப்பேன்.
ஒருமுறை சபலம் தட்டி
ஆலையின் தபால் தராசில் ஒன்றை வைத்தேன்.
இன்னும் மந்திரிக்காத வெறும் அப்பம்தான், பாவமில்லை.
முள் அசையவே இல்லை.

சென்ற ஆண்டு மார்ச்சில்
மூன்றாம் டிவிஷன் லாரி ஒன்று
தோட்டக் கணக்கைவிட
அறுபது கிலோ கூடுதலாய் நின்றது.
மழைத்தண்ணீர் என்றேன். மேனேஜர் நம்பவில்லை.
மூன்று இரவு தூங்காமல்
கூட்டினேன், கழித்தேன், மேடைக்கடியில் ஊர்ந்து
ஸ்பிரிங்கில் எலி செத்துக் கிடக்கிறதா என்றும் பார்த்தேன்.
பிறகுதான் தெரிந்தது:
குலைகளின் மேல் சாக்கைப் போர்த்தி
ஒருவன் தூங்கி வந்திருக்கிறான்.
கொட்டும் இடத்தில் இறங்கி நடந்துவிட்டான்.
யோஹானஸ். ஃப்ளோரஸ் தீவுக்காரன். அரிவாள் வேலை.

அது புதிர்.
விடை வந்த நிமிடமே செத்துப்போனது.

அந்த ஞாயிறு அவனே கோவிலுக்கு வந்தான்,
மூன்றாம் பெஞ்சு, சுவரோரம்.
தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.
மணி அடிக்குமுன்பே மண்டியிட்டான்.
எங்கள் ஆட்களில் பாதிப்பேர்
அப்போதுதான் செல்போனை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்து தே-ஓ குடிக்கையில் கேட்டான்:
கிண்ணத்தைத் தூக்கி இறக்கியபின்
பாதிரியார் ஏதோ சொல்கிறாரே, அது என்ன?
நம்பிக்கையின் மறைபொருள்.
மலாயில் சட்டென்று அகப்படவில்லை.
ரஹ்சியா என்றேன்.
சிரித்துவிட்டான்.
ரகசியமா?
அத்தனை பேரும் எழுந்து நின்று
கூரை அதிரச் சொன்னீர்களே!

எனக்குப் பதில் இல்லை.
எங்கள் மொழியில்
ஒளிந்திருப்பதும் மறை, ஓதிக் கேட்பதும் மறை,
ஏன் இரண்டுக்கும் ஒரே சொல் என்று
நானே யோசித்ததில்லை.
அவனுக்கு எதைச் சொல்ல?
இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள் என்றேன்.

இந்த வருஷம் பெரிய வெள்ளி.
பேழையின் கதவை அகலத் திறந்துபோட்டுத் துடைத்தேன்.
உள்ளே பித்தளை, கொஞ்சம் துணி வாசனை.
முந்தின இரவு ஃபாதர் எடுத்துப் போகையில்
மெழுகுத்திரி பிடித்தவன் நான்.
காலி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?
என்றாலும் வாளியோடு குறுக்கே போகையில்
முழங்கால் மடங்கிவிட்டது.
வெட்கமாயிற்று.
திரும்பினால், கதவருகில் யோஹானஸ்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு
அவனும் அந்த வெறுமைக்கு மண்டியிட்டான்.

ஜூனில் இமிகிரேஷன் லாரி
விடியுமுன் கொங்சிக்குள் புகுந்தது.
ஆலை ஆபீசில் விசாரித்தேன்.
அப்படி ஒரு பெயரே இல்லை என்றார்கள்,
சம்பள ஏட்டில் இல்லை, பெர்மிட் கட்டில் இல்லை,
கான்ட்ராக்டர் கைவிரித்தார்.

இப்போது கிண்ணம் உயர்ந்து தாழ்ந்தபின்
எல்லோரும் எழுந்து குரல் கொடுக்கையில்
என் குரல் அரை நொடி பிந்தி வருகிறது.
ஃபாதர் கவனித்திருக்கிறார். கேட்கவில்லை.

ஆடிட் வருகிறது,
அந்த மார்ச் சீட்டைத் திருத்து என்கிறார் மேனேஜர்.
அறுபது கிலோ.
இந்த ஊரில் அவன் பதிவாகியிருக்கும் ஒரே இடம்.
நாளைக்குச் செய்கிறேன் என்கிறேன்
ஒவ்வொரு நாளும்.