புள்ளி நடந்த இரவு

இரவு இரண்டு பத்து.
சுங்கை சிப்புட், செம்பனை ஆலை, மூன்றாம் ஷிப்ட்.
குடுவையில் கச்சா எண்ணெய்க்கு அமிலம் பார்க்கிறேன்.
சொட்டுச் சொட்டாய்க் காரம் இறங்குகிறது.
இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் நிற்க வேண்டும்.

கைப்பேசி இரண்டு தரம் அதிர்ந்தது.

முதலாவது நோர்ஹசிமா, பினாங்கிலிருந்து:
"தமயந்தி, உன் புரதம் நகர்ந்துவிட்டது."

என் புரதம்.
உதவித்தொகை நின்ற மாதம்
உறைபெட்டியில் என் கையெழுத்தோடு விட்டுவந்த
விரல்நுனி அளவுக் குழாய்.

சுமோ என்று பெயர்.
மல்யுத்தக்காரனா என்று வீட்டில் சிரித்தார்கள்.
நூற்றுக்குச் சற்றுக் குறைவான மணிகள்,
சுருண்டு மடிந்து
தனக்குள் ஒரு பள்ளம் வைத்திருக்கும்.
யூபிக்விட்டினுக்குத் தம்பி முறை.
அண்ணன் போய் ஒட்டினால் பெரும்பாலும் குப்பைக்கூடை.
தம்பி ஒட்டினால் இடமாற்ற உத்தரவு:
இங்கே நில், அங்கே போ, இவனோடு சேராதே.

எதிரே விட்டது டெங்கிக் கிருமியின் ஒரு துணுக்கு.
பல்லி உதறிய வாலுக்கு இருக்கும் துடிப்புக்கூட இல்லாதது.
அதில் மூன்று பேர் தண்ணீருக்கு ஆகாதவர்கள்:
வாலீன், ஐசோலூசீன், லூசீன்.

ஏன் ஆகாது என்று பினாங்கில் மனப்பாடம் செய்தேன்.
இங்கே, தெளிவுத் தொட்டியின் விளிம்பில் நின்றபோதுதான் விளங்கியது.
எண்ணெய்க்கு எண்ணெய்மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை.
தண்ணீர்தான் தனக்குள் கைகோத்துக்கொண்டு
அதை வெளியே தள்ளுகிறது.
தள்ளப்பட்ட மூன்றும் பள்ளத்தில் போய்ப் படுக்கின்றன,
பாயின் ஓரத்தில்
கோரை ஒன்று கூடுதலாய்ச் செருகியதுபோல்.

சுமோவுக்குத் தெரியாது அது யார் என்று.
உள்ளூர்ப் புரதங்களும்
இதே எண்ணெய் விரல்களைத்தான் நீட்டும்.

படம் அனுப்பியிருக்கிறாள்.
மற்ற வீடுகளில் விளக்கு அசையாமல் எரிய,
ஏழு புள்ளிகள் மட்டும்
சிவப்பிலிருந்து நீலத்துக்கு அடியடியாய் நடக்கின்றன.
பிடிப்பு தளர்வானது.
வந்து, விட்டு, வந்து, விட்டு,
ஒரு நொடிக்குள் ஆயிரம் தரம்.
அதனால்தான் நடக்கிறது.
இறுகப் பற்றியிருந்தால் இங்கே அணைந்து
அங்கே முளைத்திருக்கும், இடையில் வழி இருக்காது.
எங்கள் ஊர்ப் பெயருக்குள் ஒரு நத்தை ஊர்கிறது;
தடம் என்றால் எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது குணாளன், மருத்துவமனையிலிருந்து:
"ரஃபிகுலுக்குத் தட்டணு முப்பத்தெட்டாயிரம்.
காலையில் மறுபடி எடுப்பார்களாம்."

ரஃபிகுல், போன வாரம்வரை
இந்தத் தொட்டியின் வால்வைத் திருப்பியவன்.
கொங்சிக்குப் பின்னால்
வெட்டிய மட்டை அடிகளில் மழைநீர் நிற்கிறது என்று
இரண்டு முறை எழுதிக் கொடுத்தான், மலாயில், எழுத்துப்பிழையோடு.

யாருக்கு முதலில் பதில்?
ஏழு புள்ளி அவனுக்கு ஒரு தட்டணுகூடத் தராது.
இந்த வருடம் இல்லை.
அடுத்த வருடமும் இல்லை.
ஆனாலும் கை நடுங்குகிறது.
சந்தோஷம்தான், வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

"எந்த ஏழு?" என்று அவளுக்கு எழுதினேன்.
"அவனிடம் ஃபோனைக் கொடு" என்று இவனுக்கு.

குடுவையை மறந்துவிட்டேன்.
சிவப்பு முற்றிப்போய்
திராட்சை நிறத்தில் நிற்கிறது.
கொட்டிவிட்டுத் திரும்ப நிறுக்கிறேன்.
வெளியே பழக்குலை லோரி ஒன்று
எடைமேடையில் ஏறுகிறது.
எண் நிலைக்க
எப்போதும் கொஞ்ச நேரம் எடுக்கும்.