இரண்டு பிக்சல் எல்லை

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனிக்கு மேல் மாடி.
கீழே கட்டி உடைக்கிற சத்தம்.
மேலே நானும் ரெக்சனும்,
ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியின்
நான்கு பிளக்குக்குச் சண்டை போட்டபடி.

அவன் திரை கறுப்பு, எழுத்து பச்சை.
என் திரையில் வடகடல்,
விடியற்காலை நான்கே முக்கால்,
முப்பத்தொரு அடுக்கு.
பதினேழாவது அடுக்கில் வாடைக்காற்று மட்டும்.

"எத்தனை எம்.பி.?" என்றான்.
படம் எப்படி என்று
அவன் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை.
பதினான்கு என்றேன்.
"நாற்பது கேபியில் தா.
படகோட்டுகிறவர் கையில் இருப்பது
விளிம்பு உடைந்த ஆறு வருடப் போன்."

பட்டன் அழகாயிருந்தால் சீலா சிக்குமா என்று
அவன் சிநேகிதர்கள் சிரிப்பார்கள்.
அவர்கள் கட்டுகிற சாம்பல் நிறப் பெட்டிகளைக் காட்டி
என் சிநேகிதிகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.
அவர்கள் பதிப்பு எண்ணைச் சொல்லிப் பெருமை பேசுவதும்
நாங்கள் தூரிகைத் தொகுப்பின் பெயரைச் சொல்லிப் பேசுவதும்
ஒரே குரலில்தான்.
இதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

செய்துகொண்டிருந்தது இது:
படகு எங்கே, எல்லை எங்கே,
போன் காட்டும்.
நெருங்கினால் கத்தும்.
கணக்கு அவனுக்கு, நிறம் எனக்கு.

எல்லையைச் சிவப்பில் இழுத்திருந்தான்.
"எவ்வளவு கனம்?"
கோடு என்றால் எனக்குக் கனம்தான் முதல் கேள்வி.
அழுத்தினால் பருக்கும்,
விட்டால் மயிராய் இழையும்.
"ரெண்டு பிக்சல். ஏன், போதாதா?"
ஒரு பிக்சல் கடலில் எத்தனை மீட்டர் என்றேன்.
விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.
"நூற்றைம்பது."
அப்போது கோட்டின் அகலம் முந்நூறு.
அதற்குள் நிற்கிற படகு
எந்த நாட்டில் நிற்கிறது, ரெக்சன்?

ஐஸ் உடைவது மட்டும் கேட்டது.
அவன் மாமா மகன் எட்டு மாதம்
அக்கரைச் சிறையில் இருந்தவன்.
அவன் சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.
"கணக்கில் கோட்டுக்கு அகலமே கிடையாது,
வரையும்போதுதான் வந்துவிடுகிறது" என்றான் கடைசியில்,
அது என் பக்கத்துக் குற்றம் போல.
இருக்கலாம்.
அன்றிரவே எச்சரிக்கையை
ஒரு கிலோமீட்டர் இந்தப் பக்கம் இழுத்து வைத்தான்.

சனிக்கிழமை சந்தியாகு கடலுக்குக் கொண்டுபோனார்.
திரும்பி வந்து, லுங்கியில் செதில் ஒட்டியிருக்க,
கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"ராத்திரியில அந்த நீலம் கண்ணப் புடுங்குது.
போனப் பாத்துட்டுத் தலயத் தூக்கினா
கடலத் தெரியல."
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓட்டினாராம்.

ஒரு வாரம் உட்கார்ந்து தேடிய நீலம்.
"கறுப்பாக்கிரு. ஆறு பூஜ்யம்," என்றான் ரெக்சன்,
சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல்.
ஆறு பூஜ்யம் போட்டேன்.

அவன் டீ வாங்க இறங்கியபோது
கடைசி இரண்டை மட்டும் கொஞ்சம் உயர்த்தினேன்,
நிலா இல்லாத இரவில்
தண்ணீர் வானத்திலிருந்து பிரிந்து தெரிகிற
அந்த அளவுக்கு.

மாற்றங்களை வரி வரியாகப் பார்க்கிறவன் அவன்.
டீயை வைத்தான். பார்த்தான்.
"இது பிழையா?"
இல்லை.
"எத்தனை பைட் கூடுது?"
ஒன்றும் கூடாது.
சரி என்று சேமித்தான்.