வலது கால், மாலை அளவு

சாட்ஸ்வொர்த்தில் மருந்துக்கடைக்குப் பின்னால் என் அறை.
நாற்காலி ஒன்று, சுழலும் ஸ்டூல் ஒன்று,
அலமாரியில் யாரும் வாங்க வராத இரண்டு பாதங்கள்.
மற்றதெல்லாம் இந்தக் கைபேசிக்குள்.

தயாளன் படையாச்சி உள்ளே வந்ததும் கேட்டார்:
"மாவுக்கட்டு எங்கே? வாளி எங்கே?"
மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில்
ஈர மாவுத்துணியைச் சுற்றி
காயும்வரை அசையாதே என்றார்களாம்.
அந்த அச்சில் செய்த கால் இப்போது
அவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நிற்கிறது.
"எனக்குப் பொருந்தல. ஃப்ரிட்ஜுக்குப் பொருந்துது."

கைபேசியைத் திருப்பிக் காட்டினேன்.
இதில் ஒரு கண் நிறம் பார்க்கும்,
இன்னொன்று தூரம் மட்டும் பார்க்கும்.
நமக்குத் தெரியாத ஒளியைப் புள்ளி புள்ளியாக எறிந்து
எது எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று எண்ணும்.
"கடன் கொடுத்தவன் மாதிரி," என்றார்.
என் மைத்துனன் இதை வைத்துத்தான்
காலியான வரவேற்பறையில் வாங்காத சோபாவை
இங்கேயும் அங்கேயும் நிறுத்திப் பார்க்கிறான்.

கறுப்புக் கால்சட்டையை மடித்து ஏற்றச் சொன்னேன்.
கறுப்பு, போன ஒளியைத் திருப்பித் தராது;
திரையில் அங்கே ஒரு குழி விழும்.
சுவர்க் கண்ணாடியைத் துண்டால் மூடினேன்.
அதை நம்பி இந்தக் கண்
சுவருக்கு அப்பால் இன்னொரு அறை கட்டிவிடும்,
அதில் இன்னொரு தயாளனை உட்காரவைக்கும்.
"அவனுக்கு ரெண்டு காலும் இருக்குமா?"
இல்லை என்றேன்.
"அப்போ மூடு."

நான்கு மணிக்கு மின்சாரம் போனது, பட்டியலில் உள்ளபடியே.
தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் இருமின.
அவர் எழப் பார்த்தார்.
வேண்டாம், உட்காருங்கள்.
வெயில்தான் இதற்கு ஆகாது என்று
திரைச்சீலையையும் இழுத்துவிட்டேன்.

ஸ்டூலில் உருண்டு இருட்டில் அவரைச் சுற்றி வந்தேன்.
திரையில் சாம்பல் நிறத்தில் வளர்ந்தது
தொடை, முட்டி, அதற்குக் கீழே ஒரு சாண்,
தைத்த தழும்பு, உள்வாங்கிய ஒரு பள்ளம்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இங்கே காலின் ஆழம்தான் தெரியவேண்டியிருக்கிறது.
மாலையில் வீங்கும், காலையில் வற்றும்,
ஒரே நாளில் இரண்டு கால்.
எந்தக் காலுக்குக் கிண்ணம் செய்வது?
"சாயங்காலக் காலுக்கு.
காலையில எனக்குப் போற இடம் ஒண்ணுமில்ல."

இருபத்தாறு வருடம் வார்விக் வரை பஸ் ஓட்டியவர்.
சர்க்கரை ஏறியது, கால் இறங்கியது:
அதுவும் அவர் சொன்னதுதான்,
எல்லோரிடமும் சொல்லித் தேய்ந்த வரி.

தேயாததைப் பிறகு சொன்னார்.
இரவில் அந்தப் பாதம் மிதிக்கிறதாம்.
ஆக்ஸிலரேட்டரை இல்லை, பிரேக்கை.
மிதித்த விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடுகின்றனவாம்.
"அதையும் எடு."
எதை?
நாற்காலிக்குக் கீழே வெறும் காற்றைக் காட்டினார்.
"வலிக்கிற இடம் இதுதான். இங்க பிடி."

அளக்க ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம்.
கைபேசியைத் தாழ்த்திப் பிடித்தேன்.
ஒளி அவர் பாதத்தின் வழியே போய்
எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பியது.
ஒரு மீட்டர் எழுபத்திரண்டு.

"எவ்வளவு?"
சொன்னேன்.
வெளியே ஒரு ஜெனரேட்டர் நின்று மறுபடி கிளம்பியது.
"அவ்வளவு தூரமா போயிட்டுது," என்றார்.

கோப்பை அனுப்பினேன். வியாழக்கிழமை அச்சாகி வரும்.
குறிப்பில் 'மாலை அளவு' என்று போட்டேன்.
அந்த இன்னொரு எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.
அழிக்கவும் இல்லை.

ஊன்றுகோல்களைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு
கண்ணாடி மேல் இருந்த துண்டை எடுக்கச் சொன்னார்.
சட்டைப் பையிலிருந்து சீப்பு வந்தது.
இன்னும் மின்சாரம் வரவில்லை.
இருட்டில் நின்று தலை வாரிக்கொண்டார்.